லைப்ரரி கிடைக்காத புதன்கிழமை

மாம்பழக் கலர் பட்டுப்புடவை. கழுத்தே வலிக்கிற அளவுக்குத் தலையில் கனகாம்பரம். முன்னால் கீபோர்டு. எதிரே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. நான் கேட்ட லைப்ரரியைத் திறக்க முடியவில்லையாம். அப்படி ஒரு கோப்பே இல்லையாம்.

எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன.

"இன்னாம்மா, மாப்ள வந்துட்டாரா?" என்று நைனா கேட்டார். நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா.

"இன்னும் வல்ல நைனா."

"எங்க நின்னுக்கினு கீறாரு?"

மாப்பிள்ளை எங்கேயும் நிற்கவில்லை. சிங்கப்பூரில், தன் ஆபீசில், கம்ப்யூட்டர் முன்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். நின்றுபோனது எங்கள் மெஷின்தான். அதைச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். பெண் பார்க்கிற இடத்தில் பெண் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்க்கலாம். அந்தக் கூடத்தில் அதைப் பார்க்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை.

நான் முன்பு எழுதிய வடமாலபேட்டை பஸ் கதையைப் படித்த ஒரு வாசகி, "தினமும் இடிபட்டுக்கொண்டு திருப்பதிக்கு வேலைக்குப் போனீர்களே, உங்களுக்கு எப்படிக் கல்யாணம் ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறார். என்ன கேள்வி அம்மா இது! பஸ்ஸில் போகிற பெண்களுக்கும் கல்யாணம் ஆகிறது. ஆனாலும் அந்தப் புதன்கிழமையை நினைத்தால், எனக்கு ஆனது ஆச்சரியம்தான்.

வாசல் மாறிக்கொண்டே இருந்த சென்டர்

நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளி சுப்பராயுடு சார். நல்ல மனுஷர், நான் தெலுங்கில் பாடம் நடத்தித் தமிழில் திட்டுவதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருக்கு இருந்த ஒரே வியாதி வாஸ்து.

அந்தக் காலத்தில் திருப்பதியில் பாதிப் பேருக்கு அந்த வியாதி இருந்தது. நன்றாக இருந்த மாடிப்படியை இடித்து வேறு பக்கம் கட்டுவார்கள். சுப்பராயுடு சார் வாசலை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு முறை, புது வாசல் திறக்க நல்ல நாள் வரவில்லை, பழைய வாசலையும் அடைத்தாயிற்று. ஒரு மாதம் மாணவர்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து, எங்கள் சென்டருக்கு வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அந்த மாதம் நல்ல வியாபாரம்.

ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படித்த காலம் அது. கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா, இல்லாவிட்டால் சிங்கப்பூர், எதுவுமே படிக்காவிட்டால் குவைத். எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளியே போயிருந்தார். மிச்சம் இருந்தவர்கள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

எங்கள் சென்டரில் எல்லா மெஷினிலும் ஓடியது காப்பி அடித்த விண்டோஸ். "செக்கிங் வருது" என்று யாரோ கிளப்பிவிட, சார் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போடச் சொன்னார். செக்கிங் கடைசிவரை வரவில்லை, லினக்ஸ் மட்டும் தங்கிவிட்டது. சாருக்கு அதில் தெரிந்தது இரண்டு விஷயம். ஒன்று, கோப்புகளை இடம் மாற்றுவது. இன்னொன்று, எல்லாக் கதவையும் திறக்கிற தலைமைப் பாஸ்வேர்ட். அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

போட்டோவை நம்பாத வீடுகள்

மாப்பிள்ளை பெயர் முனிரத்தினம். நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்தான், சந்திரகிரியில் வீடு கட்டிக்கொண்டு போனவர்கள். அப்பா இல்லை. அம்மா ராஜம்மா. ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கோ லீவு கிடையாது.

போட்டோ அனுப்பலாம் என்றால் ராஜம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் உறவில் யாருக்கோ ஸ்டூடியோக்காரர் பெண்ணை வெளுப்பாக்கிக் காட்டிவிட்டாராம். "நேர்ல பாத்தா மாரி இருக்கணும்" என்பது அவர் கட்சி. நைனாவுக்கும் போட்டோவில் நம்பிக்கை இல்லை. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு மாப்பிள்ளை போட்டோவுக்குத் தன் தம்பியை உட்கார வைத்து அனுப்பியிருந்தார்.

இதைக் கேட்ட சுப்பராயுடு சார்தான் குதித்தார். கேமரா வாங்குகிறேன், நம் சென்டரிலேயே பெண் பார்க்கட்டும் என்றார். இது நடந்துவிட்டால் வெளிநாட்டு மாப்பிள்ளைகள் எல்லாம் இங்கேயே பெண் பார்ப்பார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. புதன்கிழமை, பன்னிரண்டு மணி ராகுகாலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று ராஜம்மா சொல்லி அனுப்பினார்.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்கச் சொல்லி நைனாவிடம் பலமுறை சொல்லிவிட்டேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்மா" என்று தட்டிக் கழித்தார். அப்புறம் என்றால் தாலி ஏறின பிறகு. எனக்கு அந்த வேலை உயிர். ஒரு மெஷின் முரண்டு பிடித்து, நான் தேடித் தேடி அது வழிக்கு வருகிற நேரத்தில் இருக்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் இல்லை. அதை விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

மாப்பிள்ளை தன் ஆபீசில் இருந்த ஒரு மென்பொருளின் பெயரை மெயிலில் அனுப்பியிருந்தார். அதில் படம் தெரிகிற கட்டத்துக்குக் கீழே எழுத்து தட்ட ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் தட்டினால் நேரே அவருக்குப் போகும். நடுவில் நைனா இல்லை, மாமா இல்லை, தரகர் இல்லை. ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில். அந்தப் பெட்டிக்காகத்தான் நான் அத்தனை பாடுபட்டேன்.

செருப்பு இருக்கிறது, அந்த ஸ்டாண்டில் இல்லை

அந்த மென்பொருள் தயாராகக் கிடைக்கவில்லை. சோர்ஸாகத்தான் கிடைத்தது. இட்லி வாங்கப் போனவளிடம் அரிசியும் உளுந்தும் கொடுத்து அனுப்பினது போல. நாமே அதைக் கம்பைல் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் இரண்டு லைப்ரரிகளைக் கம்பைல் செய்ய வேண்டும். மென்பொருள் எல்லா வேலையையும் தானே செய்யாது. படத்தைச் சுருக்குவது, குரலை அனுப்புவது போன்ற வேலைகளுக்குப் பொதுவான கோப்புகளைத் துணைக்குக் கூப்பிடும். அவற்றுக்குத்தான் லைப்ரரி என்று பெயர். எங்கள் பழைய மெஷினில் அது முடிவதற்குள் நான் ஒரு பேட்ச்சுக்கு முழுப்பாடமும் நடத்தி முடித்துவிட்டேன்.

இரண்டையும் என் பெயரில் 'அமுலு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வைத்தேன். அங்கேதான் சிக்கல். கம்ப்யூட்டர் லைப்ரரிகளைத் தனக்குப் பழக்கமான சில இடங்களில் மட்டும்தான் தேடும். வேறு இடத்தில் வைத்தால், இந்த வழியாகப் போய்ப் பார் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இல்லை என்று சாதித்துவிடும்.

திருப்பதிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மலையில் ஒரு ஸ்டாண்டில் செருப்பை விட்டுவிட்டு, தரிசனம் முடிந்து வேறு பக்கமாக வெளியே வந்து, அங்கே இருக்கிற ஸ்டாண்டில் நின்று என் செருப்பைக் காணோம் என்று கத்துகிற ஆட்களை நாங்கள் தினம் பார்க்கிறோம். செருப்பு எங்கேயும் போயிருக்காது.

நான் வழியைத் தட்டிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மென்பொருள் திறந்தது. கேமராவில் என் முகமே தெரிந்தது. கோரமாகத்தான் இருந்தேன், ஆனாலும் தெரிந்தேன். நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

சந்தனம் பூசிய கேமரா

புதன்கிழமை காலை வந்து பார்த்தால் மெஷின் இருந்த இடத்தில் இல்லை. கிழக்கே பார்த்து உட்காரணும் என்று சார் அதை வேறு சுவருக்கு மாற்றியிருந்தார். மானிட்டருக்கு விபூதிப் பட்டை, குங்குமம். யூபிஎஸ் மேல் எலுமிச்சம்பழம். பெண் உட்கார ஒரு குஷன் நாற்காலி தனியாகப் போட்டு, கேமராவை அதைப் பார்த்து டேப் வைத்து ஒட்டியிருந்தார். கேமராவுக்கும் சந்தனம் வைத்திருந்தார்.

மெஷினை அணைத்து எடுத்திருக்கிறார் அல்லவா, அதனால் நான் நேற்றுச் சொன்ன வழி அதற்கு மறந்துபோயிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும், வழியை மறுபடி தட்டிவிட்டு மென்பொருளைத் திறந்தேன்.

கோப்பு இல்லை என்றது.

எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினேன். இல்லை என்றது. இதற்குள் சிங்கப்பூரிலிருந்து போன் வந்துவிட்டது. சார் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அங்க சிஸ்டம் பாக்கறவர்கிட்ட குடுங்க" என்றது மாப்பிள்ளையின் குரல்.

"சொல்லுங்க, நான்தான்" என்றேன்.

"அப்ப, பொண்ணு?"

"அதுவும் நான்தான்."

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். ராஜம்மா கையில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள் இருந்தது. அதையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பழத்தட்டுக்கும் அவர்கள் பழத்தட்டுக்கும் நடுவில் ஓர் ஈ போய் வந்துகொண்டிருந்தது.

"ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

"அப்டிப் பண்ணதாலதான் இந்த கதி" என்றேன். பெண் பார்க்கிற அன்று மாப்பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது! ஆனால் எனக்கு அப்போது அவர் மாப்பிள்ளையாகத் தெரியவில்லை. உதவாத யோசனை சொல்கிற இன்னொரு ஆளாகத்தான் தெரிந்தார்.

'அமுலு' ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அந்தப் பெயரில் ஃபோல்டரே இல்லை. மெஷின் முழுக்கத் தேடு என்று கட்டளை கொடுத்தேன். அது சாவகாசமாகத் தேடிக்கொண்டு போய், நடுவில் ஒரு வரியைத் துப்பியது.

ஸ்ரீனிவாசா: அனுமதி இல்லை.

மூலஸ்தானம்

"சார், ஸ்ரீனிவாசான்னு ஒரு ஃபோல்டர் இருக்கே, அது என்ன?"

சுப்பராயுடு சார் மேலே ஃபேனைப் பார்த்தார். "மஞ்சி காரியம் அமுலு. பெள்ளிச் சமாச்சாரம், கல்யாண விஷயம். கன்னிப் பொண்ணு பேர்ல வெக்கலாமா? ஸ்வாமி பேர்ல வெச்சா ஸ்வாமியே பாத்துக்குவாரு. அதான் நேத்து சாயந்தரம் அல்லாத்தியும் அங்க மாத்திட்டேன்."

"அனுமதி இல்லைன்னு சொல்லுதே?"

"பூட்டி வெச்சிருக்கேன். ஸ்வாமி இருக்கற எடம். கண்டவங்க உள்ள போவக் கூடாது கதா?"

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் மேல் எறியலாம் போல இருந்தது. அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை, அதனால் எறியவும் முடியவில்லை. "சார், பூட்டைத் தெறங்க" என்றேன்.

பூட்டைத் திறக்கத் தலைமைப் பாஸ்வேர்ட் வேண்டும். அதை எனக்குச் சொல்லவும் மாட்டார், இத்தனை பேர் பார்க்கத் தட்டவும் மாட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையோடு கீபோர்டையும் சேர்த்து மூடிக்கொண்டார். ஆவி பிடிக்கிறவர் மாதிரி குனிந்து, உள்ளே இருட்டில் ஒற்றை விரலால் தட்டினார். தப்பு என்றது. மறுபடி தட்டினார். தப்பு.

"இன்னா பண்றாரு அவுரு?" என்று ராஜம்மா கேட்டார்.

"பூஜை" என்றார் நைனா.

ராஜம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து "ஆயிந்தி, ஆயிடுச்சு!" என்று குரல் வந்தது.

ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்து வைத்தேன். ஸ்ரீனிவாசாவிடம் போய்ப் பார் என்று கம்ப்யூட்டருக்கு வழி சொன்னேன். இந்தத் தடவை, அணைத்தாலும் மறக்காதபடி அதன் நிரந்தரப் பட்டியலிலேயே எழுதினேன். மென்பொருளைத் திறந்தேன். திறந்தது.

அந்தப் பக்கம் தெரிந்தது

"ஒரே மஞ்சளா தெரியுது" என்றது போன்.

சந்தனம்! முந்தானையால் கேமராவைத் துடைத்தேன்.

"ஆங், இப்ப தெரியுது. நாற்காலி தெரியுது. பொண்ணு எங்க?"

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அது காலியாக இருந்தது. நான் இந்தப் பக்கம் கீபோர்டு முன்னால் இருந்தேன்.

"அமுலு, போய் அங்க குந்தும்மா. கீபோர்ட நேனு பாத்துக்கறேன்" என்று சார் எழுந்தார்.

போய் உட்கார்ந்தால் என் முகம் தெரியும். ஆனால் பெட்டியில் தட்ட முடியாது, கேள்வி போய்விடும். நான் நகரவில்லை. டேப்பைப் பிய்த்து, கேமராவை எடுத்து, என் பக்கமாகத் திருப்பி மானிட்டர் மேல் வைத்தேன். கனகாம்பரம் காதுக்கு வந்திருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அப்போது அவர் முகமும் வந்தது. விட்டு விட்டு, கட்டம் கட்டமாக வந்தது. கழுத்தில் ஆபீஸ் அட்டை, ஒட்டிய கன்னம். நான் சரியாகப் பார்ப்பதற்குள் ராஜம்மா எழுந்து வந்து என்னை இடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார். பெண் பார்க்க வந்தவர் என்னை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. திரையின் கண்ணாடியில் விரல் வைத்து மகன் கன்னத்தைத் தடவினார்.

"ரத்தினம்! துன்னியாடா?"

படம் உறைந்துவிட்டது. வாய் திறந்தபடி நின்றது.

"வாயத் தெறந்துக்கினே கீறானே! பசியா கீதுடா கண்ணு?" என்று அழத் தொடங்கினார். சிங்கப்பூரில் மணி இரண்டு தாண்டிவிட்டது, அவருக்கு அது சாப்பாட்டு வேளை. அதைத்தான் அவர் எங்களுக்காகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குழப்பத்தில் நான் பெட்டியில் தட்டினேன். தமிழ்தான், இங்கிலீஷ் எழுத்தில். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா?

நடுவில் யாரும் இல்லை என்று நினைத்தேன் அல்லவா? என் தோளுக்குப் பின்னால் சுப்பராயுடு சார் நின்றிருந்தார். அதைத் தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, ரயில்வே அறிவிப்பு மாதிரி கூடத்துக்கே படித்துக் காட்டினார். நைனா வாழைப்பழத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பதில் வர நேரம் ஆயிற்று. கடைசியில் பெட்டியில் ஒரு வரி வந்தது. சார் அதையும் படித்தார்.

"அம்மாவக் கேளுங்க."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அத்தனை லைப்ரரியைக் கம்பைல் செய்து, சாமியைப் பூட்டிலிருந்து விடுவித்து, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டால், அது சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிற அம்மாவிடமே வந்து நிற்கிறது. இந்த ஆள் வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"நைனா, எழுந்திரு. போலாம்."

"நீ குந்து" என்றார் ராஜம்மா. என்னைத்தான். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துத் திரும்பினார்.

"இதுல என்னிய இன்னாத்துக்குடா கேக்கற? ரெண்டு வருசமா ஒன் மூஞ்சியப் பாக்காம கீறேன். இங்க இத்தினி ஆம்பளைங்கோ குந்திக்கினு கீறாங்கோ. ஒருத்தராவது ஒன்னக் காட்னாங்களா? இந்தப் பொண்ணு வேலைக்குப் போவலன்னா ஒன்ன எனக்கு யார்ரா காட்டுவாங்கோ?"

பெட்டியில் 'சரிம்மா' என்று வந்தது. அதைப் படிக்க சார் வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. விசா இழுத்துக்கொண்டே போனதால் அதற்குப் பிறகும் வெகுநாள் நான் அதே சென்டரில் வேலை பார்த்தேன். புதன்கிழமை தோறும் ராஜம்மா அத்தை சந்திரகிரியிலிருந்து டிபன் கேரியரோடு வருவார். ஒவ்வொரு அடுக்காகத் திறந்து கேமராவுக்குக் காட்டுவார். அந்த மெஷினைக் கழித்துக் கட்டுகிற வரைக்கும் லைப்ரரிகள் ஸ்ரீனிவாசாவிலேயே இருந்தன.

ஆனால் முதல் நாளைத்தான் நான் மறக்கவில்லை. படம் மறுபடி அசையத் தொடங்கியதும் அத்தை அந்தக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு முன்னால் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். காலண்டர் தாள் அவர் காலடியில் கிடந்தது. கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

"அக்கா, ராகுகாலம் வந்துட்ச்சே" என்றார் நைனா, பயந்துகொண்டே.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்தா வந்துட்டுப் போவுது. எம் புள்ள இன்னும் துன்னல."